மாமனார் வண்டிக்கு ஒரு மெக்கானிக்

உலகத்து மெக்கானிக்குகளை அரைநூல் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஒருவன் திருடன், இன்னொருவன் முட்டாள். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் அவன் கண்ணாடி அறை கட்டி, ஏசி போட்டு, வாசலில் பெரிய போர்டு வைத்திருப்பான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அவருக்குத் தொழில் கண்ணாடி. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் அளவெடுத்து, வெட்டி, கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பது. இந்தத் தொழிலில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மற்ற கடைக்காரர்கள் ஒரு நூல் கூடக் குறைய இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். இவர் சட்டத்தில் டேப்பை வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "அரைநூல் இடிக்குது" என்பார். "அரைநூல்தானே அண்ணே, தட்டி உள்ள விட்ருங்க" என்று எந்தத் தச்சராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. அந்தத் தச்சருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வரைக்கும் இழுத்துவைத்துக் கிழித்துவிடுவார். பெயர் அப்படி வந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். இப்போது கடைக்குப் போன் செய்கிறவர்களே "அரைநூல் இருக்காரா?" என்று கேட்கிறார்கள். அவரே எடுத்து, "இருக்கேன், சொல்லுங்க" என்கிறார்.

அவர் குறை சொல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பிக்கப் வண்டி. நாற்பத்தேழு வருடத்துப் பெட்ரோல் வண்டி. மாமனார் வாங்கினார், மாமனார் ஓட்டினார், மாமனார் போன பிறகு மகள் பெயருக்கு வந்தது. அதாவது அரைநூலின் மனைவி பெயருக்கு. இதை அவள் அடிக்கடி சொல்லிக்காட்ட மாட்டாள். சொல்ல வேண்டிய நேரம் பார்த்துச் சொல்வாள்.

முன்னால் மூன்று பேர் உட்காரும் நீளமான ஒரே சீட். ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர் கம்பி. பின்னால் தொட்டியில், இரண்டு பக்கமும் சரிந்த ஒரு மரச்சட்டம், அதன்மேல் பழைய கம்பளி. கண்ணாடியைப் படுக்கப்போட்டுக் கொண்டுபோகக் கூடாது. நிறுத்தி, சாய்த்து, கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். புது வண்டிகளின் ஸ்பிரிங் கல் மாதிரி இருக்கிறது. ஒரு வேகத்தடை ஏறி இறங்கினால் பின்னாலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். இறங்கிப் பார்க்கவே வேண்டாம், கண்ணாடி போயிற்று. மாமனார் வண்டியில் அந்தச் சத்தத்தை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மாமனார் காலத்திலிருந்தே அதற்கு ஒரே மெக்கானிக். அவரை அரைநூல் மதித்தார் என்று சொன்னால் அது பொய். "இருக்கறதுல தேவலாம்" என்பார், அவ்வளவுதான். அந்த மனிதர் கடையை மூடிவிட்டு, கடல் கடந்து மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போன மூன்றாவது வாரம் வண்டி நிற்க ஆரம்பித்தது.

காலையில் ஒரே தட்டில் கிளம்பும். அரைமணி நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்ட மாதிரி இரண்டு இழுப்பு இழுத்து, நடுச்சாலையில் நின்றுவிடும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மியூசியத்துக்கு வழி சொல்வான். இருபது நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கிளம்பும்.

இப்படி ஆறு மாதம் போயிற்று. கடையில் போன் எடுத்து, "வண்டி வந்துட்டே இருக்குங்க, பக்கத்துல வந்துட்டாரு" என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் தம்பி வந்தான்.

மச்சினன் புதிதாக ஒரு ஹோட்டல் திறக்கிறான். அரைநூலின் கணக்கில் அவன் மெக்கானிக் இல்லாமலேயே இரண்டு வகையிலும் சேர்ந்தவன். வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்து, இரண்டு கைகளையும் விரித்து, எதையோ படம் பிடிப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

"மாமா, இதைச் சும்மா ரோட்டுல நிறுத்தி நிறுத்தி அசிங்கப்படறீங்களே. எனக்குக் குடுங்க. சிவப்புப் பெயின்ட் அடிச்சு ஹோட்டல் வாசல்ல நிறுத்திடறேன். பின்னாடி தொட்டி முழுக்க மண்ணு கொட்டி, பூச்செடி. வர்றவங்க எல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க."

"இஞ்சின்?"

"அது எதுக்கு மாமா? வெயிட்டுதான். எடைக்குப் போட்டுடலாம்."

அரைநூல் அவனைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது இருந்தால் அந்த இடத்திலேயே சுருண்டிருப்பார்கள். மச்சினன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவி அன்றைக்கே தீர்ப்புச் சொன்னாள். "ஒரு மாசம். அதுக்குள்ள ஒரு மெக்கானிக் என் முன்னாடி வந்து நிக்கணும். 'இது ஓடும், நான் பாத்துக்கறேன்'னு அவரு வாயால சொல்லணும். இல்லேன்னா தம்பிக்குக் குடுத்துருவேன்."

"நான் சொல்றேன். ஓடும்."

"நீங்க ஆறு மாசமா சொல்லிட்டுத்தான் இருக்கீங்க."

வண்டியின் பதிவுப் புத்தகம் அவளுடைய அலமாரியில் இருந்தது. அன்றைக்கு அதை எடுத்துத் தூசி தட்டி மேலே வைத்தாள். சொல்ல வேண்டிய நேரம் என்பது அதுதான்.

ஆக, முப்பது நாளில் நம்பகமான ஒரு மெக்கானிக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் மாமனார் வண்டி பூந்தொட்டி.

ஆளைத் தேர்ந்தெடுக்க அரைநூலுக்கென்று ஒரு முறை இருந்தது. கண்ணாடிக் கடைக்கு வேலை கேட்டு வருகிறவர்களிடம் அவர் ஒரு பழைய டேப்பைக் கொடுத்து மேசையை அளக்கச் சொல்வார். அந்த டேப்பில் முதல் அங்குலத்தின் முனை தேய்ந்து போயிருக்கும். அதைக் கவனித்து, ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து அளக்கிறவனுக்கு வேலை. கவனிக்காதவனுக்கு ஒரு டீ, அதோடு போகலாம். மெக்கானிக்குகளுக்கும் அதே மருந்துதான் என்று முடிவு செய்தார்.

வண்டியில் நான்கு பிளக். நான்குக்கும் நான்கு வயர். மெக்கானிக் கடைக்குப் போகும் வழியில், முந்தின தெருவிலேயே வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, மூன்றாவது பிளக்கின் வயரைக் கழற்றிவிடுவார். இஞ்சின் ஒரு காலை இழுத்து இழுத்து நொண்டும். காதும் கண்ணும் உள்ளவன் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கடையில் போய், "சரியா ஓடலை, என்னன்னு பாருங்க" என்று மட்டும் சொல்வார். அரைமணி நேரத்தில் நிற்கிறது என்ற உண்மையான நோயை மூச்சுவிட மாட்டார். நோயையும் நாமே சொல்லிக்கொடுத்தால் வைத்தியன் எதற்கு? முதலில் வயரைப் பிடிக்கட்டும். யோக்கியன் என்றால் மற்றதையும் அவனே கண்டுபிடிக்கட்டும்.

இதில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று அவருக்கு ஒரு நொடியும் தோன்றவில்லை. தேய்ந்த டேப்பில் அவர் ஒருநாளும் தோற்றதில்லையே.

முதலில் போனது கண்ணாடி அறைக் கடைக்கு. அந்த அறையின் கண்ணாடியை எவன் பொருத்தியிருந்தானோ, மேல் மூலையில் ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது. அப்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து பானெட்டுக்குள் குனிந்து நெடுநேரம் எதையோ தேடினார்.

"சார், ஸ்கேனர் சொருகற பாயின்ட் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"அதைச் சொருகினா என்ன கம்ப்ளெயின்ட்னு வண்டியே சொல்லிடும் சார்."

"வண்டியே சொல்லுதுன்னா நீ எதுக்கு?"

அவர் சிரித்தார். சிரிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல. நான்கு நாள் வைத்திருந்து, மூன்று பக்கத்துக்கு ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுத்தார்கள். மாற்ற வேண்டிய சாமான் இருபத்தாறு. பதினெட்டாவது, ஏர் பேக் சென்சார். சீட் பெல்ட்டே இல்லாத வண்டி அது. மூன்றாவது வயர், கழற்றிவிட்ட இடத்தில் அப்படியே கிடந்தது. அரைநூல் அந்தப் பட்டியலைக் கடையில் கண்ணாடிக்கு நடுவே வைக்கும் காகிதமாகக்கூடப் பயன்படுத்தவில்லை. கண்ணாடிக்கு மரியாதை வேண்டும் என்றார்.

அடுத்தவன் மரத்தடி. அவனுக்கு மீசைதான் போர்டு. வண்டியைப் பார்த்ததும் கையைக் கூப்பிவிட்டான்.

"வைரம் சார் இது! இந்த மாதிரி இரும்பு இப்ப எவன் போடறான்? கவலையை விடுங்க. நம்ம கைக்கு வந்துருச்சுல்ல."

"என்ன பிரச்சினைன்னு பாரு."

"பாக்கவே வேணாம் சார், சத்தமே சொல்லுது. இஞ்சினை எறக்கணும்."

"எறக்கணுமா?"

"எறக்கி, உள்ள இருக்கறதை எல்லாம் எடுத்து, கழுவி, மாத்தி... குழந்தை மாதிரி ஆக்கிடலாம்."

அரைநூல் பானெட்டைத் திறந்து, வயரைத் தன் கையாலேயே மாட்டினார். இஞ்சின் பட்டுத்துணி கிழிவது போல ஒரே சீராக ஓடியது.

"இப்ப சத்தம் என்ன சொல்லுது?"

மீசைக்காரன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன்" என்றான்.

இன்னும் மூன்று பேர். ஒருவன் நேர்மை என்ற சொல்லைக் கால் மணி நேரத்தில் பத்து முறை சொன்னான். ஒவ்வொரு முறையும் அரைநூல் ஓரடி பின்னால் நகர்ந்தார். ஒருவன் எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்றான். என்ன பண்ணப் போகிறான் என்பது அவனுக்கும் தெரியாது. மற்றவன் வயரைக் கண்டுபிடித்தான், ஆனால் அதை மாட்டிவிட்டு, கார்புரேட்டரையே மாற்றியதாகக் கதை சொன்னான். ஒவ்வொருவனைப் பற்றியும் வீட்டில் நடித்துக்காட்டுவார். மீசைக்காரனைப் போலக் கை கூப்புவார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"நல்லா இருக்கு. ஆள் கெடைச்சுதா?"

"இந்த ஊர்ல ஒரு யோக்கியன் கெடையாது."

"இன்னிக்குப் பத்தொம்பதாவது நாள்."

சைலன்சரிடம் போனது அதற்கு மறுநாள். பழைய இரும்புக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். வாய் திறந்து பேசுவது அபூர்வம் என்பதால் சைலன்சர் என்று பெயர். அரைநூல் "சரியா ஓடலை" என்றார். அவன் தலையை ஆட்டினான். பானெட்டைத் திறந்தான். குனிந்தான். வயரை மாட்டினான். பானெட்டை மூடினான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, 'போகலாம்' என்று கையால் காட்டினான்.

"அவ்வளவுதானா?"

தலையாட்டல்.

"ஓட்டிப் பாக்கலையா? வேற ஒண்ணும் இல்லையா?"

சைலன்சர் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான். பிறகு வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அரைநூலுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் எரிச்சல். வயரைப் பிடித்துவிட்டான், சரி. ஆனால் மற்றது? நாமே வாய்விட்டுச் சொல்வதா? பார்ப்போம் என்று கிளம்பினார். மறுநாள் வண்டி சந்தைக்கு முன்னால் நின்றது. உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்: திருடன் இல்லை, எனவே முட்டாள். தச்சர்களிடம், கொத்தனார்களிடம், டீக்கடையில் உட்கார்ந்திருந்த யாரோ இரண்டு பேரிடம்கூட, "சைலன்சர்னு ஒருத்தன் இருக்கான், வாயிலயும் ஒண்ணும் இல்லை, மண்டையிலயும் ஒண்ணும் இல்லை" என்று சொல்லி வைத்தார்.

இருபத்தாறாவது நாள். நடனப் பள்ளிக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சட்டத்தில் கட்டி ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டி இரண்டு இழுப்பு இழுத்து நின்றது. நின்ற இடம் ஒரு ஜெனரேட்டர் ரிப்பேர் கடை வாசல். உள்ளே ஓர் அம்மாள் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் அவரை ஜெனரேட்டர் அக்கா என்பார்கள். அரைநூல் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிடம் போக வேண்டும்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெட்ரோல் வரலைண்ணே."

"டேங்க் பாதி இருக்கு."

"இருக்கறது வேற, வர்றது வேற. அது நின்ன சத்தத்தைக் கேட்டேன். பட்டுனு நிக்கலை. மூச்சுத் திணறி நின்னுச்சு."

"ஏம்மா, நீங்க மோட்டார் சுத்தறவங்க."

"சுத்தறேன். காதையுமா சுத்தி வச்சிருக்கேன்? டேங்க் மூடியைத் திருகித் தொறங்க."

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் இருபது நிமிடத்தில் இன்னும் பதினேழு மீதி இருந்தது. போய் மூடியைத் திருகினார். 'புஸ்ஸ்' என்று ஒரு நீண்ட பெருமூச்சு. அந்தச் சத்தத்தைப் பெட்ரோல் போடும் இடத்தில் பல தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறார், காற்றுக்கூடப் புகாமல் அடைத்திருக்கிறோமே என்று.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ஒரே தட்டில் கிளம்பியது.

அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்த மூடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு நடுவுல ஒரு சின்ன ஓட்டை இருக்கணும். பெட்ரோல் கொறையக் கொறைய அது வழியாக் காத்து உள்ள போகணும். போகலேன்னா டேங்க் பெட்ரோலை விடாது, இழுத்துப் பிடிச்சுக்கும். ஓட்டையை யாரோ அடைச்சிருக்காங்க."

அரைநூலுக்குக் காது மடல் சூடானது. அந்த ஓட்டையைப் பார்த்த நாள் நினைவிருந்தது. பழைய மெக்கானிக் ஊரைவிட்டுப் போன சமயம். வண்டியைத் துடைக்கும்போது மூடியின் நடுவில் ஊசி முனையளவு ஓர் ஓட்டை கண்ணில் பட்டது. இத்தனை வருடம் இந்த ஆள் இதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறானே என்று அவரைத் திட்டிக்கொண்டே, சிலிக்கான் பசையை எடுத்து, ஜன்னலுக்கு அடைப்பது போல அழகாக அடைத்து, விரல் நுனியால் வழித்து விட்டிருந்தார். ஓர் இடைவெளியைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. முப்பத்தைந்து வருடமாக அவர் சாப்பிடுவதே இடைவெளியை அடைத்துத்தான்.

"எவனாவது மெக்கானிக் பண்ணியிருப்பான். மடையனுங்க" என்றார்.

"மெக்கானிக் எவனும் இவ்வளவு சுத்தமா அடைக்க மாட்டாண்ணே. பிசிறே இல்லை." அக்கா வண்டியின் பின்னால் கட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தார், சட்டத்தின் ஓரத்தில் ஓடிய சிலிக்கான் கோட்டைப் பார்த்தார், திரும்ப மூடியைப் பார்த்தார். "நீங்க என்ன தொழில்?"

கேள்விக்குப் பதில் வண்டியிலேயே கட்டியிருந்தது.

அக்கா ஒரு செம்புக் கம்பித் துண்டால் ஓட்டையைக் குத்தி விட்டார். ஆறு மாதத்து நோய்க்கு ஆறு விநாடி வைத்தியம். பிறகு குனிந்து பின் சக்கரத்தைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். "இங்க ஈரம் இருக்கு. பிரேக் எண்ணெய் கசியுது. இதைப் பாக்காம ஓட்டாதீங்க."

அரைநூலுக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. "நீங்களே பாருங்கம்மா. பாத்துட்டு, எங்க வீட்டுக்காரி முன்னாடி வந்து ஒரு வார்த்தை, 'ஓடும், நான் பாத்துக்கறேன்'னு..."

"நான் ஒரு எடத்துல நிக்கற இஞ்சின் பாக்கறவ. என் இஞ்சின் எதுக்கும் பிரேக்கே கெடையாது. தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்றது? சைலன்சர்கிட்டப் போங்க."

"அவனா? அவன் முட்டாளு."

"அப்படியா? இந்த மூடியை அடைச்சது அவரா?"

அரைநூல் கண்ணாடியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை. திரும்பும்போதும் நிற்கவில்லை. இரண்டு நாள் முழுக்க நிற்காமல் ஓடியது. அவருக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் கசந்தது. அந்த இரண்டு நாளில், சைலன்சர் இல்லாமல் வேறு யார் என்று யோசித்தார். மீசைக்காரனுக்கு எதையாவது கொடுத்து, வீட்டில் வந்து நின்று சொல்லச் சொன்னால் சொல்வான். அழகாகவே சொல்வான், கை கூப்பிக்கொண்டு. அப்புறம் மனைவி அவன் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அதோடு முடிந்துவிடும். வண்டிக்குள் மண் விழுந்துவிடும்.

இருபத்தொன்பதாவது நாள் தகரக் கொட்டகைக்குப் போனார். வழியில் எந்த வயரையும் கழற்றவில்லை. சைலன்சர் ஒரு வேனுக்கு அடியில் இருந்தான். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தன. கால்களிடம் பேசுவது ஒருவகையில் சௌகரியமாக இருந்தது.

"அன்னிக்கு வந்தேனே, பிக்கப். அந்த வயரு... அதைக் கழட்டி விட்டது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"தானாக் கழண்ட வயரு தொங்கும். அது ஓரமா மடிச்சு வச்சிருந்துச்சு."

மடித்துத்தான் வைத்திருந்தார். தொங்க விட்டால் உரசி வீணாகிவிடுமே.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"நீங்க ஏன் சொல்லலை?" கால்கள் அசையவில்லை. "பொய் சொல்லிக் கொண்டாற வண்டியை நான் பாக்கறதில்லை. எது வண்டியோட கோளாறு, எது வண்டிக்காரரோட கோளாறுன்னு பிரிக்கறதுக்கே பொழுது போயிடும். நான் முட்டாள்னு டீக்கடையில சொன்னீங்களாமே."

இவ்வளவு நீளமாக அவன் பேசி அந்தக் கொட்டகையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மன்னிப்பு என்ற சொல் அரைநூல் வாய்க்கு அளவெடுத்து வெட்டியதில்லை, எங்கேயோ இடித்தது. அதற்குப் பதிலாக நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். மூடி, ஓட்டை, சிலிக்கான், மச்சினன், பூச்செடி, மனைவியின் ஒரு மாதம். பூச்செடி என்று சொன்னபோது கால்கள் கொஞ்சம் அசைந்தன. சைலன்சர் சக்கரம் வைத்த முதுகுப் பலகையோடு வெளியே உருண்டு வந்தான்.

"இஞ்சினை எடுத்துட்டா?"

"எடைக்குப் போடறானாம்."

சைலன்சர் எழுந்து துணியை எடுத்தான். "நாளைக்கு வர்றேன். உங்களுக்காக இல்லை. உங்க வீட்டு அம்மா கேட்டா நடந்ததைத்தான் சொல்லுவேன்."

"அந்த மூடி விஷயம் மட்டும்... வேணாமே. பிரேக்குதான் கோளாறுன்னு சொல்லிடலாம்."

"அப்ப நான் வரலை."

அவன் மறுபடி பலகையில் உட்கார்ந்தான். அரைநூல் நின்றார். ஒரு மாதமாக ஊரில் ஒருவன் விடாமல் மடையன் பட்டம் கொடுத்திருக்கிறார். அந்தப் பட்டத்தைத் தன் வீட்டு வாசலில், மச்சினன் எதிரில், தானே வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மாமனார் வண்டியில் பூ பூக்கும்.

"வாங்க" என்றார் கடைசியில். "காலையில வாங்க."

மறுநாள் காலையில் மச்சினன் முந்திக்கொண்டு வந்துவிட்டான். கூடவே ஒரு பெயின்டர். பெயின்டர் கையில் சிவப்பிலேயே பன்னிரண்டு வகை காட்டும் அட்டை ஒன்று இருந்தது. "அக்கா, இது தக்காளிச் சிவப்பு, இது செங்கல் சிவப்பு" என்று மச்சினன் விளக்கிக்கொண்டிருக்கும்போது சைலன்சர் ஒரு பையோடு நடந்து வந்தான். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். பானெட்டைத் திறந்தான். இஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். மூடியைத் திருகி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான்.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என்னங்க, வண்டி எப்படி இருக்கு?"

சைலன்சர் அவளைப் பார்க்காமல் அரைநூலைப் பார்த்தான். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அரைநூல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மூடியில ஒரு ஓட்டை இருந்துச்சு. அது இருக்கணுமாம். நான் அடைச்சுட்டேன். அதனாலதான் நின்னுச்சு."

"எப்ப அடைச்சீங்க?"

"வண்டி நிக்க ஆரம்பிக்கறதுக்கு... முந்தின வாரம்."

மனைவி மூடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "ஆறு மாசம்" என்றாள் பிறகு. "ஆறு மாசம் போன்ல எத்தனை பேர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன்? எத்தனை மெக்கானிக்கை நீங்க நடிச்சுக் காட்டியிருப்பீங்க? உங்களை நீங்களே ஒரு தடவை நடிச்சுக் காட்டியிருக்கலாமே. கண்டுபிடிச்சிருப்பேன்."

மச்சினன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பெயின்டர் மரியாதைக்கு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"நீ எதுக்குடா பல்லைக் காட்டறே?" மனைவி திரும்பினாள். "இவரு ஓட்டையை அடைச்சாரு. நீ அப்பா வண்டி வயித்தைக் கிழிச்சு மண்ணைப் போட வந்தவன்."

மச்சினனின் சிரிப்பு பாதியில் நின்றது. மூச்சுத் திணறித்தான் நின்றது.

சைலன்சர் கையைத் துடைத்துக்கொண்டான். "பிரேக் கசியுதும்மா. ரெண்டு நாள் வேலை. அப்புறம் ஓடும். நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "இவரு பானெட்டைத் தொறக்கக் கூடாது" என்றான்.

"தொறக்க மாட்டாரு" என்றாள் மனைவி. அரைநூலிடம் யாரும் கேட்கவில்லை.

பெயின்டர் அட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். மனைவி சாவியைச் சைலன்சரிடம் கொடுத்தாள். கொட்டகை எங்கே இருக்கிறது, என்ன வேலை நடக்கிறது என்று தானே நேரில் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி முன் சீட்டில் ஏறினாள். மச்சினனைப் போகும் வழியில் இறக்கிவிட வேண்டும், அவனும் ஏறிக்கொண்டான். மூன்று பேர் சீட் நிறைந்துவிட்டது. அரைநூல் கதவருகில் நின்றார்.

"பின்னாடி ஏறிக்கங்க" என்றாள் மனைவி.

கண்ணாடி சாயும் இடத்தில், கம்பளிமேல் முதுகைச் சாய்த்து, மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் கிளம்பியது. தெருவில் தச்சர் ஒருவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அரைநூல் எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

முதல் திருப்பத்தில் கியர் மாறியபோது வண்டி லேசாகக் குலுங்கியது. அரைநூல் முன் கூரையைத் தட்டினார். "கிளட்சை நிதானமா விடுங்க!"

இன்னொரு தட்டு தட்டினார். ஜன்னல் வழியாக மனைவியின் கை வெளியே வந்து, 'உட்காருங்க' என்று கீழே காட்டிவிட்டு உள்ளே போனது. அவர் உட்காரவில்லை. அடுத்த திருப்பத்தில் கியர் மாறியதே தெரியவில்லை. அதிலும் ஏதாவது பிசகு இருக்கும் என்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனார்.